நுரையீரல் புற்றுநோய் பரவுவதை ஒரு தாவரச் சேர்மம் மெதுவாக்குமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் இருக்கிறது என்று சொல்லி தினமும் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். செடியிலிருந்து எடுத்த ஒரு சேர்மம் இந்தப் புற்றுநோய் பரவுவதை மெதுவாக்குகிறது என்று செய்தியில் படித்தேன். உண்மையா? கேப்சூலாகக் கிடைக்கிறதே, வாங்கிக் கொடுக்கலாமா?"

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட செய்திகள் பெரும்பாலும் பொய் இல்லை, ஆய்வு நிஜமாகவே நடந்திருக்கும். ஆனால் பரவல் மெதுவானது ஒரு பிளாஸ்டிக் தட்டிலோ எலியின் உடம்பிலோதான். மனிதர்களில் ஓரளவு பார்க்கப்பட்ட சேர்மம் என்று எனக்குத் தெரிந்து சொல்லக்கூடியது சிலிபினின். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். கேப்சூலை டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். அது வெறும் சம்பிரதாயப் பேச்சு இல்லை, உங்கள் அப்பா சாப்பிடும் மாத்திரையோடு சம்பந்தப்பட்டது.

முதலில் 'பரவுதல்' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அது ஒரே நிகழ்ச்சி இல்லை. கட்டியில் இருக்கும் ஒரு செல் முதலில் பக்கத்துச் செல்லோடு இருக்கும் பிடியை விட வேண்டும். அந்தப் பிடியைத் தருவது ஈ-கேட்ஹெரின் என்ற புரதம். அது குறைந்து, என்-கேட்ஹெரின், வைமென்டின் என்ற வேறு புரதங்கள் கூடும்போது செல்லின் வடிவமே மாறும், நகர ஆரம்பிக்கும். அடுத்து, சுற்றியிருக்கும் கொலாஜன் வலையை அறுக்க எம்எம்பி-2, எம்எம்பி-9 போன்ற நொதிகளைச் சுரக்கும். பிறகு ரத்தக்குழாய்க்குள் நுழைய வேண்டும். எதிலும் ஒட்டாமல் மிதக்கும்போது சாதாரணச் செல் தானாகவே செத்துப்போகும், இது சாகாமல் தப்ப வேண்டும். அப்புறம் எங்கோ ஒரு நுண்குழாயில் சிக்கி, சுவரைத் தாண்டி வெளியே வந்து, முன்பின் தெரியாத ஒரு திசுவில் பிழைத்துப் பெருக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பெரும்பாலான செல்கள் மடிந்துவிடுகின்றன. தப்பிக்கிற சொற்பம்தான் மூளையிலும் எலும்பிலும் கல்லீரலிலும் அட்ரீனல் சுரப்பியிலும் போய்த் தங்குகிறது.

ஆகவே 'பரவலைத் தடுக்கிறது' என்று யாராவது சொன்னால், இதில் எந்தக் கட்டத்தை என்று கேட்க வேண்டும். மஞ்சளின் குர்குமின், பச்சைத் தேயிலையின் ஈஜிசிஜி, பெர்பெரின், ரெஸ்வெரட்ரால், ஹோனோகியால், சல்ஃபோரஃபேன் என்று எதை எடுத்தாலும் ஆய்வுக் கட்டுரைகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்: ஈ-கேட்ஹெரின் கூடியது, எம்எம்பி-9 குறைந்தது, செல் நகர்வு குறைந்தது. சேர்மத்தின் பெயரை மட்டும் மாற்றிப்போட்டால் போதும் என்று சில சமயம் தோன்றும்.

அந்தச் 'செல் நகர்வு' எப்படி அளக்கப்படுகிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்த்தால் செய்தியை வேறு மாதிரி படிப்பீர்கள். ஏ549 என்று ஒரு செல் வரிசை உண்டு. 58 வயது ஆண் ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து 1972-இல் உருவாக்கப்பட்டது. உலகம் முழுக்க ஆய்வகங்களில் இன்றுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தச் செல்களைத் தட்டு முழுக்கப் பாய் விரித்ததுபோல் வளரவிட்டு, பிப்பெட்டின் நுனியால் நடுவில் நேராக ஒரு கோடு கிழிப்பார்கள். கோடு இருந்த இடம் வெறுமையாகிவிடும். சேர்மத்தை ஊற்றி ஒரு போட்டோ, 24 மணி நேரம் கழித்து இன்னொரு போட்டோ. சேர்மம் போடாத தட்டில் இரண்டு கரையிலிருந்தும் செல்கள் நகர்ந்து இடைவெளி மூடியிருக்கும். போட்ட தட்டில் மூடாமல் இருக்கும். 'பரவல் குறைந்தது' என்பதற்குப் பாதி ஆதாரம் இதுதான்.

இதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. செல் நகராததால் இடைவெளி மூடவில்லையா, பெருகாததால் மூடவில்லையா, பாதி செத்துப்போனதால் மூடவில்லையா என்று போட்டோவைப் பார்த்துச் சொல்ல முடியாது. கவனமான ஆய்வாளர்கள் செல் பெருக்கத்தை வேறொரு மருந்தால் நிறுத்திவைத்துவிட்டுப் பார்ப்பார்கள், அல்லது செல்லைச் சாகடிக்காத அளவில் மட்டும் சேர்மத்தைப் போடுவார்கள். மிச்சப் பாதி ஆதாரம், 8 மைக்ரோமீட்டர் துளைகள் கொண்ட ஒரு சவ்வின் மேல் புரதக் கூழ் பூசி, அதைத் துளைத்துக்கொண்டு எத்தனை செல்கள் கீழே வருகின்றன என்று எண்ணுவது. இது கொஞ்சம் மேலான சோதனைதான். ஆனாலும் அங்கே ரத்த ஓட்டம் இல்லை, நோய் எதிர்ப்புச் செல்கள் இல்லை, கல்லீரல் இல்லை.

கல்லீரல் இல்லை என்பது சின்ன விஷயம் இல்லை. தட்டில் சேர்மத்தை 20, 50, சில சமயம் 100 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவை அளக்கும் அலகு) அளவில்கூட ஊற்றுகிறார்கள். உடம்புக்குள் அந்த அளவு சேர்கிறதா? குர்குமினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 8 கிராம் விழுங்கியவர்களை வைத்து 2001-இல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் சராசரி உச்ச அளவு 2 மைக்ரோமோலாரைக்கூடத் தொடவில்லை. குடல் சரியாக உறிஞ்சுவதில்லை, உறிஞ்சிய கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே வேறு பொருளாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. போதாததற்கு, குர்குமின் பல புரதங்களோடு கண்டபடி ஒட்டும், தானே ஒளிரும் தன்மையும் உண்டு. அதனால் ஆய்வகச் சோதனைகளில் வேலை செய்யாமலே வேலை செய்தது போலக் காட்டும். 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளை அலசிவிட்டு, மருந்தில்லாத டம்மி மாத்திரையோடு ஒப்பிட்டு முறையாக நடந்த எதிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று கறாராக எழுதினார்கள். அந்தத் தீர்ப்பு கொஞ்சம் கடுமை என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கென்னவோ அந்தக் கடுமை தேவைப்பட்டது என்றுதான் தோன்றுகிறது.

எலிக்கு வருவோம். 'எலிகளில் நுரையீரல் பரவல் குறைந்தது' என்று படித்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். நிறைய ஆய்வுகளில் புற்றுநோய்ச் செல்களை எலியின் வாலில் உள்ள ரத்தக்குழாயில் ஊசியால் ஏற்றுகிறார்கள். அங்கிருந்து ரத்தம் இதயத்துக்குப் போய், அடுத்து சந்திக்கும் முதல் நுண்குழாய் வலை நுரையீரல்தான். ஆகவே செல்கள் அங்கே போய்ச் சிக்குவது இயல்பு. மேலே சொன்ன கட்டங்களில் பாதி, பிடியை விடுவது, வலையை அறுப்பது, ரத்தக்குழாய்க்குள் நுழைவது எல்லாம், ஊசியே செய்து கொடுத்துவிட்டது. அதோடு இது நுரையீர*லுக்கு*ப் பரவுவது, நுரையீர*லிலிருந்து* பரவுவது இல்லை. உள்ளே போனது தோல் புற்றுநோய்ச் செல்லாகக்கூட இருக்கலாம். இன்னொன்றும் கவனியுங்கள். சேர்மத்தை எப்போது கொடுக்க ஆரம்பித்தார்கள்? செல்களை ஏற்றுவதற்கு முன்பே கொடுத்திருந்தால் அது உங்கள் அப்பாவின் நிலைமைக்குப் பொருந்தாது. நுரையீரல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும்போது ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது ஏற்கெனவே வேறு உறுப்புக்குப் போயிருக்கிறது.

சரி, தட்டிலும் எலியிலும் எம்எம்பி நொதியைக் குறைத்தால் பரவல் குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். இதை மனிதர்களில் யாரும் சோதிக்கவில்லையா? சோதித்தார்கள், அதுவும் செடிச் சாறைவிடப் பல மடங்கு கூர்மையான மருந்துகளை வைத்து. 1990-களில் மாரிமாஸ்டாட், பிரினோமாஸ்டாட் என்று எம்எம்பி தடுப்பான்களைப் பெரிய பெரிய நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு உருவாக்கின. பிரினோமாஸ்டாட்டைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தும் நுரையீரல் புற்றுநோயாளிகள் கூடுதலாக வாழவில்லை. பே 12-9566 என்ற இன்னொன்று இன்னும் மோசம். சிறு செல் என்ற வகை நுரையீரல் புற்றுநோயில் அதைச் சாப்பிட்டவர்கள் டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மோசமாக இருந்ததால் 1999-இல் சோதனையையே நிறுத்த வேண்டி வந்தது. இந்த நொதிகளில் சில புற்றுநோயைக் கட்டுப்படுத்தும் வேலையையும் செய்கின்றன, தவிர நோய் முற்றிய பிறகு அவற்றை அடக்குவதில் பெரிய பலன் இல்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. இந்தக் கதை தெரிந்த பிறகு, 'எம்எம்பி-9 குறைந்தது' என்ற ஒரே வரியை நம்பி ஒரு தாவரச் சேர்மத்தின் மேல் எதிர்பார்ப்பு வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இப்போது சிலிபினின். இது மில்க் திசில் என்ற, ஊதாப் பூ பூக்கும் முள்செடியின் விதையில் இருக்கிறது. விதையிலிருந்து எடுக்கும் கலவைச் சாறுக்குச் சிலிமாரின் என்று பெயர், அதன் முக்கியப் பகுதி சிலிபினின். கல்லீரல் மருந்தாகத்தான் பெயர் பெற்றது. டெத் கேப் என்ற கொடிய காளானைத் தின்று விஷம் ஏறியவர்களுக்கு ஐரோப்பிய மருத்துவமனைகளில் இதை ஊசியாகக் கொடுக்கிறார்கள்.

புற்றுநோய்ப் பக்கம் இதன் பயணம் வழக்கம்போல ஏ549 தட்டில்தான் தொடங்கியது. எம்எம்பி-2 குறைந்தது, ஊடுருவல் குறைந்தது என்று 2004-இல் தைவானிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ரசாயனம் கொடுத்து எலிகளுக்கு உண்டாக்கிய நுரையீரல் கட்டிகளில் புது ரத்தக்குழாய் முளைப்பது குறைந்தது என்று 2006-இல் அமெரிக்காவிலிருந்து இன்னொன்று. அத்தோடு நின்றிருந்தால் மற்ற சேர்மங்களின் வரிசையில் இதுவும் ஒன்றாகப் போயிருக்கும்.

ஆனால் 2016-இல் ஸ்பெயினின் ஜிரோனா பகுதி மருத்துவர்கள் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். இருவருக்கும் நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவியிருந்தது. ரேடியேஷனும் கீமோவும் கைவிட்ட நிலை. சிலிபினின் உள்ள ஒரு வாய்வழித் தயாரிப்பைக் கொடுத்தபோது மூளைக் கட்டிகள் சுருங்கின, சுற்றியிருந்த வீக்கமும் வடிந்தது. விசித்திரம் என்னவென்றால், நுரையீரலில் இருந்த மூலக் கட்டி அசையவே இல்லை. அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. மருந்து புற்றுநோய்ச் செல்லைத் தாக்கியிருந்தால் இரண்டு இடத்திலும் அடி விழுந்திருக்க வேண்டும், இல்லையா?

1889-இல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் படித்துவிட்டு ஒன்று சொன்னார்: விதை எல்லாத் திசையிலும் பறக்கும், தகுந்த மண்ணில் மட்டும்தான் முளைக்கும். விதை என்றது புற்றுநோய்ச் செல்லை, மண் என்றது அது போய்த் தங்கும் உறுப்பை. சிலிபினின் கை வைத்தது அந்த மண்ணில்தான். மூளையில் நரம்புச் செல்களுக்குத் துணையாக ஆஸ்ட்ரோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து கட்டி வந்து உட்காரும்போது அதைச் சுற்றியுள்ள ஆஸ்ட்ரோசைட்டுகள் விழித்துக்கொள்கின்றன. அவற்றில் ஒரு பகுதியில் ஸ்டாட்3 என்ற புரதம் முடுக்கப்படுகிறது. அந்தச் செல்கள் கட்டியை எதிர்ப்பதற்குப் பதிலாக, எதிர்க்க வரும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களை மந்தமாக்கி, கட்டிக்கு வசதி செய்து கொடுக்கின்றன. ஸ்பெயினின் மத்ரித் நகரில் மனுவேல் வலியென்டேயின் ஆய்வுக் குழு 2018-இல் வெளியிட்ட கட்டுரையில் இதை எலிகளில் காட்டியது. ஆஸ்ட்ரோசைட்டில் ஸ்டாட்3-ஐ அடக்கினால், கட்டி நன்றாக வேரூன்றிய பிறகும்கூட வளர்ச்சி குறைந்தது. ஸ்டாட்3-ஐ அடக்கும் தன்மை சிலிபினினுக்கு உண்டு.

அதே 2018 கட்டுரையில் மனித நோயாளிகளும் வருகிறார்கள். மூளைக்குப் பரவிய நுரையீரல் புற்றுநோயோடு இருந்த 18 பேருக்கு, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து சிலிபினின் கொடுத்தார்கள். ஸ்கேனில் மதிப்பிட முடிந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மூளைக் கட்டி சுருங்கியது. மூன்று பேருக்கு முழுவதுமாக மறைந்தது. தாவரச் சேர்மம் ஒன்றைப் பற்றி இப்படி ஒரு தகவல் கிடைப்பது அபூர்வம். அந்தக் கட்டுரையை இரண்டு மூன்று தடவை எழுந்து உட்கார்ந்து படித்தேன்.

ஆனால் 18 பேர். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு டம்மி கொடுத்து ஒப்பிட்ட சோதனை இல்லை அது. பழைய நோயாளிகளின் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். கூடவே மற்ற சிகிச்சைகளும் ஓடிக்கொண்டிருந்தன. சிலிபினினைத் தேடி வந்து சாப்பிட முடிகிற நிலையில் இருந்தவர்கள் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் தெம்பானவர்களாக இருந்திருக்கலாம். இதெல்லாம் அந்த ஆய்வாளர்களுக்கும் தெரியும். இன்னொன்று, நடந்தது ஏற்கெனவே பரவிப்போன கட்டியைச் சுருக்கியதுதான். புதிதாகப் பரவாமல் தடுப்பது வேறு கேள்வி, அதைக் காட்ட அறுவை சிகிச்சை முடிந்த நூற்றுக்கணக்கானவர்களைப் பல வருடம் பின்தொடர வேண்டும்.

அப்படிப் பின்தொடர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு உங்கள் அப்பாவின் மாத்திரை வகையிலேயே உதாரணம் இருக்கிறது. ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள, அறுவை முடிந்த 682 பேரை வைத்து அடோரா என்ற சோதனை நடந்தது. ஐந்து வருடம் கழித்து, ஒசிமெர்டினிப் என்ற ஈஜிஎஃப்ஆர் மாத்திரை சாப்பிட்டவர்களில் 88 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், டம்மி சாப்பிட்டவர்களில் 78 சதவீதம். மூளைக்குப் பரவுவதும் குறைந்தது. இந்த அளவு ஆதாரம் எந்தத் தாவரக் கேப்சூலுக்கும் இல்லை.

'தாவரம்' என்பதாலேயே நான் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோவில் பாதி செடியிலிருந்து வந்ததுதான். பசிபிக் யூ மரப்பட்டையின் பாக்ளிடாக்சல், நித்தியகல்யாணியின் சேர்மங்களிலிருந்து செய்த வினோரெல்பின், மே ஆப்பிள் வேரின் வழியில் வந்த எட்டோபோசைட். 1962-இல் வாஷிங்டன் மாநிலக் காட்டில் உரிக்கப்பட்ட யூ பட்டை, பாக்ளிடாக்சல் என்ற அனுமதி பெற்ற மருந்தாக வர 1992 ஆனது. முப்பது வருடத்தில் அது சேர்த்துக்கொண்டது அளவு, சுத்தம், பக்கவிளைவு பற்றிய அறிவு. கேப்சூல் டப்பாவில் இல்லாதது அதுதான்.

அடுத்து, ஆன்டிஆக்சிடன்ட் விஷயம். 'ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது' என்று டப்பாவில் போட்டிருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். நுரையீரல் புற்றுநோயில் இது தலைகீழாகப் போன வரலாறு உண்டு. பீட்டா கரோட்டின், கேரட்டுக்கு நிறம் தருகிற அதே பொருள், புகைபிடிப்பவர்களைக் காக்கும் என்று நம்பி ஃபின்லாந்தில் 29,133 ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் கேரட் என்றே பெயர் வைத்து நடந்த இன்னொரு சோதனையில் 28 சதவீதம் கூடியதால் 1996-இல் முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

பரவலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு 2019-இல் வெளிவந்தது. ஸ்வீடனிலும் நியூயார்க்கிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே இடத்தில் போய் முட்டின. ஆக்சிஜனேற்ற அழுத்தம் குறையும்போது நுரையீரல் புற்றுநோய்ச் செல்லில் பாக்1 என்ற புரதம் சிதையாமல் தேங்குகிறது. அது செல்லைச் சர்க்கரை எரிக்கவும் பரவவும் தூண்டுகிறது. ஸ்வீடன் குழு எலிகளுக்கு என்-அசிட்டைல் சிஸ்டீன், வைட்டமின் ஈ என்ற ஆன்டிஆக்சிடன்ட்டுகளைக் கொடுத்தபோது பரவல் கூடியது. எலியில் பார்த்ததை அப்படியே மனிதருக்கு எடுத்துக்கொள்ளக்கூடாது என்று மேலே நானே சொன்னேன், இதற்கும் அது பொருந்தும். ஆனால் பரவலைக் குறைக்க என்று வாங்கும் பொருள் அதைக் கூட்டக்கூடும் என்ற சந்தேகத்துக்கே இடமிருக்கிறது என்றால், கூடுதல் அளவு கேப்சூலை நான் தள்ளித்தான் வைப்பேன். சாப்பாட்டில் இருக்கும் காய்கறி, பழத்துக்கு இந்தப் பயம் தேவையில்லை.

கடைசியாக மாத்திரை. ஈஜிஎஃப்ஆர் மாத்திரைகளான ஜெஃபிடினிப், எர்லோடினிப், ஒசிமெர்டினிப் எல்லாம் முக்கியமாகக் கல்லீரலில் சிஒய்பி3ஏ4 என்ற நொதியால் உடைக்கப்படுபவை. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இந்த நொதியைக் கூட்டிவிடும், மாத்திரை ரத்தத்தில் நிற்காமல் போய்விடும். ஒசிமெர்டினிப்போடு அதைச் சாப்பிடக்கூடாது என்று மருந்துத் தாளிலேயே இருக்கிறது. எதிர்த் திசையில், குர்குமின் நன்றாக உறிஞ்சப்பட வேண்டும் என்று பல கேப்சூல்களில் பைப்பரின் சேர்க்கிறார்கள், மிளகின் காரத்தைத் தரும் பொருள் அது. அந்தப் பைப்பரின் இதே நொதியை மந்தமாக்கக்கூடியது என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

அதைவிட நடைமுறையில் அடிக்கடி தலைவலி கொடுப்பது கல்லீரல் பரிசோதனை. இந்த மாத்திரைகளே கல்லீரல் நொதிகளை ஏற்றக்கூடியவை. பச்சைத் தேயிலைச் சாறு கேப்சூலும், பைப்பரின் சேர்த்த குர்குமின் கேப்சூலும் கல்லீரலைப் பாதித்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும்போது ரிப்போர்ட்டில் எண்கள் எகிறினால், எது காரணம் என்று டாக்டருக்குத் தெரியாது. வீட்டில் கேப்சூல் கொடுக்கிற விஷயத்தை யாரும் சொல்லவும் மாட்டார்கள். அவர் மாத்திரையைத்தான் நிறுத்துவார். வேலை செய்கிற மருந்து நின்று, வேலை செய்யுமா என்று தெரியாதது ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கேப்சூல் டப்பாவின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து, அடுத்த முறை போகும்போது டாக்டரிடமோ மருத்துவமனை மருந்தாளுநரிடமோ காட்டுங்கள். ஏற்கெனவே கொடுக்க ஆரம்பித்திருந்தால் அடுத்த கல்லீரல் பரிசோதனைக்கு முன்பே, எந்த நாளிலிருந்து, எத்தனை மில்லிகிராம் என்று சொல்லிவிடுங்கள், திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். மூளைக்குப் பரவியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்திருந்தால், சிலிபினினை வைத்து எங்காவது முறையான சோதனை நடக்கிறதா, அப்பா அதில் சேர முடியுமா என்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி, எந்த டாக்டரும் முகம் சுளிக்க மாட்டார். இது எதுவாக இருந்தாலும் தினசரி மாத்திரையை மட்டும் ஒரு நாள்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள்.